ராத்திரி பத்து மணி லோடுக்கு எவ்வளவு கேட்கலாம்?

"அண்ணே, வண்டி ஃப்ரீயா? ஒரகடம் போகணும். ரொம்ப அவசரம். எவ்வளவு ஆகும்?"

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் பிக்கப் என்கிற சின்ன சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் போன் புதிதில்லை. வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறை ஏதோ ஒன்றில் சாயங்காலம் முடிந்திருக்க வேண்டிய வேலை ராத்திரி முடிந்திருக்கும். அங்கே ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கார் கம்பெனி காலை ஷிஃப்டுக்கு அந்த உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும். கம்பெனிகள் இப்போதெல்லாம் வாரக்கணக்கில் ஸ்டாக் வைப்பதில்லை, அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கு மாட்டுகிறார்கள். ஒரு பெட்டி வராவிட்டால் உற்பத்தி லைன் நின்றுவிடும். அதனால்தான் ஒன்பதே முக்காலுக்குப் போன் வருகிறது.

போனை எடுத்த டிரைவர் பத்து நொடியில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். மனசுக்குள் நடந்த கணக்கு இவ்வளவுதான்: ஒரகடத்துக்கு வழக்கமாக 7,500 வாங்குகிறோம், அவசரம் என்கிறார்கள், ஒரு 1,500 சேர்த்து 9,000. எதிர்முனை இரண்டு முறை "அண்ணே, கொஞ்சம் பாத்து" என்று இழுத்துவிட்டுச் சரி என்கிறது. வண்டி கிளம்பிவிடுகிறது.

இந்த 9,000 நஷ்டம். எப்படி நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் மாமா ஒருவர் அந்தப் பக்கம் பிக்கப் ஓட்டினார். இரண்டு வருஷம் அவருடைய டிரிப் நோட்டை எழுதியவன் நான். முதல் ஆறு மாதம் அந்த நோட்டில் அவசர டிரிப் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நானே லாபம் என்றுதான் குறித்திருந்தேன்.

கையில் நிற்கும் பணம் வேறு, லாபம் வேறு

ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் வண்டிக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதத் தவணை, அதாவது டியூ, 17,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எல்லாம் வருஷத்துக்குக் கட்டுவதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. இதில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, வண்டியும் சுமையும் சேர்ந்து 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி வருஷத்துக்கு 16,049 ரூபாய். வண்டி நிறுத்தும் இடம், போன் இரண்டுக்கும் 1,000. கடைசியாக டிரைவரின் சம்பளம் 22,000. சொந்த வண்டியை ஓட்டுகிறவர் தனக்குச் சம்பளம் எழுதாமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் முதல் திருட்டு. திருடுவதும் அவரே, இழப்பதும் அவரே.

மொத்தம் 44,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது போகும். சர்வீஸ், எஃப்.சி., லோடு கிடைக்காத நாள், கல்யாணம், காது குத்து எல்லாம் கழித்தால் மாதத்தில் 22 நாள்தான் வண்டி சம்பாதிக்கிறது. ஆக ஒரு நாளுக்கு 2,000. வண்டி காலையில் கண் விழித்ததுமே 2,000 ரூபாய் கடனோடு விழிக்கிறது என்று மாமா சொல்வார்.

இனி ஓட்டத்தின் செலவு. ஓசூரிலிருந்து ஒரகடம் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர், வாலாஜா வழியாகச் சுமார் 270 கிலோமீட்டர். போக வர 540. லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டிக்கு 45 லிட்டர் டீசல், லிட்டர் 93 என்று வைத்தால் 4,185. டயர், ஆயில், பிரேக், கிளட்ச் எல்லாம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று ஒதுக்கினால் 1,080. இந்த 1,080 இன்றைக்குக் கையை விட்டுப் போவதில்லை, எட்டு மாதம் கழித்து டயர்க் கடையில் மொத்தமாகப் போகும். டோல் போக வர 800. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிப்படி 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் பிடிக்கும், அதையும் பார்த்தே இந்தத் தொகை. சாப்பாடு, டீ 400. கூட்டினால் 6,465.

இந்த டிரிப் எத்தனை நாள் சாப்பிடுகிறது? ராத்திரி பதினொன்றரைக்கு ஏற்றி, விடிகாலை ஐந்தரை ஆறுக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்பது மணிக்கு இறக்கி, தூங்கி எழுந்து, சாயங்காலம் கிளம்பி, ராத்திரி ஊர் வந்தால் மறுநாள் முழுதும் போயிற்று. கிளம்பிய ராத்திரி தூக்கம் போனதையும், அதற்கு அடுத்த காலை உடம்பு எழாததையும் சேர்த்தால் இரண்டு நாள். 4,000 ரூபாய். ஆக மொத்தச் செலவு 10,465.

இப்போது அந்த 9,000 ரூபாயைத் திரும்பப் பாருங்கள். டீசல், டோல், சாப்பாடு போக மாமாவின் கையில் 3,615 நின்றது. நோட்டுகளாக, ஜி-பே மெசேஜாக, கண் முன்னால். அதைப் பார்த்துத்தான் நானும் லாபம் என்று எழுதினேன். உண்மையில் 1,465 ரூபாய் குறைகிறது. இரண்டு நாளுக்கு அவர் தனக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய சம்பளமே 2,000 தான். அதில் பெரும்பகுதியை ஓசூர் பட்டறைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அப்படியானால் வழக்கமான 7,500 டிரிப் மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? ரிட்டர்ன் லோடால். பகலில், முன்கூட்டியே தெரிந்த டிரிப் என்றால் புக்கிங் ஆபீஸில் சொல்லி வைத்து, ஸ்ரீபெரும்புதூரிலோ பூந்தமல்லியிலோ ஓசூருக்கு ஒரு 4,000 ரூபாய் லோடு பிடித்துவிடலாம். கமிஷனும் கூடுதல் டீசலும் 500 போனாலும் மொத்தம் 11,000 வருகிறது. ஏதோ ஐந்நூறு மிஞ்சும். அந்த 7,500 தனியாக நிற்கும் விலை இல்லை. திரும்பி வரும் லோடின் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் விலை. அவசர லோடில் அந்தத் தோள் இல்லை. விடிகாலையில் முன்பின் சொல்லாமல் போய் இறங்கிய வண்டிக்கு அன்றைக்கு ரிட்டர்ன் கிடைத்தால் அதிர்ஷ்டம். காத்திருந்து மறுநாள் பிடித்தால் இன்னொரு 2,000 கரைந்து, 4,000 ரூபாய் லோடில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதனால் என் யோசனை, அவசர வாடகை பேசும்போது ரிட்டர்ன் லோடைக் கணக்கில் கொண்டுவரவே கூடாது. கிடைத்தால் அது உங்களுடையது.

10,465 மேல் பதினைந்து சதவீதம் வைத்தால் சுமார் 12,000. ஓசூர்–ஒரகடம் ராத்திரி லோடுக்கு இந்த வண்டியின் குறைந்தபட்ச வாடகை அது. 9,000 கேட்டவர் 12,000 கேட்டால் எதிர்முனை அலறும். அலறட்டும்.

வேகத்துக்கு இல்லை இந்தக் காசு

அவசர வாடகை என்றதும் கூடுதல் காசு கூடுதல் வேகத்துக்கு என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. நான்கு வழிச்சாலையில் சரக்கு வண்டிக்கு 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80. டோல், டீ, வேலூர் பக்கத்து நெரிசல், ஆம்பூரில் குறுக்கே வரும் மாடு எல்லாம் சேர்ந்து 270 கிலோமீட்டருக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். சாதா லோடும் அதே ஆறு மணி நேரம்தான், அவசர லோடும் அதே ஆறு மணி நேரம்தான். ஆறு மணி நேரத்தை நாலரை ஆக்குகிறேன் என்று சொல்லி யாராவது வாடகை கூட்டினால் அவர் விற்பது தன் உயிரை, கூடவே எதிரில் வருபவருடையதையும்.

கம்பெனி உண்மையில் வாங்குவது என்ன? கூப்பிட்டவுடன் கிளம்பும் வண்டி. வேறு லோடு சேர்க்காமல், நடுவில் எங்கும் இறக்காமல் நேராகப் போகும் வண்டி. அதாவது காத்திருக்காமல் இருக்கும் வசதி. அவர்கள் காத்திருக்காமல் இருப்பதற்காக யாரோ ஒருவர் முன்னாலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அது டிரைவர்.

தீயணைப்பு வண்டியை நினைத்துப் பாருங்கள். நெருப்புப் பிடித்த நாளுக்கு மட்டும் அதற்கு டீசல் காசு கொடுத்தால் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சும்மா நிற்கும் நாட்களுக்கும் யாராவது கொடுத்தாக வேண்டும். அவசர லோடை மட்டுமே நம்பி, அதற்காகவே வண்டியைத் தயாராக வைத்திருப்பவர் மாதம் 22 நாள் ஓட முடியாது, 12 நாள் ஓடினால் அதிகம். அதே 44,000 இப்போது 12 நாளில் அடைபட வேண்டும். ஒரு நாளுக்கு 3,667. இரண்டு நாள் டிரிப்புக்கு 7,333, ஓட்டச் செலவு 6,465, மொத்தம் 13,798. பதினைந்து சதவீதம் வைத்தால் 16,000 பக்கம் வருகிறது.

ஒரே ரோடு, ஒரே மாதிரி வண்டி. பகலெல்லாம் உள்ளூர் லோடு ஓட்டிவிட்டு நடுவில் ஒரு அவசரம் எடுப்பவருக்கு 12,000 நியாயம். அவசரத்துக்கென்றே நிற்பவருக்கு 16,000 நியாயம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் "பக்கத்து வண்டிக்காரர் பன்னெண்டுக்கு வர்றாரே" என்று கேட்கிறார்கள். பக்கத்து வண்டிக்காரர் இன்றைக்கு வருவார். நாளைக்கு அவருக்கு உள்ளூர் லோடு இருந்தால் போனையே எடுக்க மாட்டார்.

வாடகையைக் கிலோமீட்டரில் பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், பெரிய லாரிகளின் சீரான ஓட்டத்திலிருந்து. நாமக்கல், சங்ககிரி லாரிகள் வடநாட்டுக்குப் பத்து நாள், பதினைந்து நாள் ஓடும்போது நாளும் கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும், டன் கணக்கிலும் பேசலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு சுமை வரம்பை உயர்த்தி, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆக்கியபோது டன் வாடகை பேசுபவர்களுக்கு அது பெரிய விஷயம். ராத்திரி பத்து மணி லோடில் டன்னுக்கு வேலையே இல்லை. நூற்றைம்பது கிலோ பெட்டிக்கும் வண்டி முழுதாக வாடகைக்குப் போகிறது. அங்கே விற்கும் சரக்கு நாள்தான். தூரம் குறைந்த அவசர லோடில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர்தானே என்று 1,800 வாங்கிக்கொண்டு போய், கேட்டில் பாதி நாள் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

கேட்டில் நிற்பது

ஏனென்றால் அவசரம் என்று கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அவசரம் இருப்பதில்லை.

உண்மையான அவசரம் ஒன்று உண்டு: லைன் நிற்கப் போகிறது, கப்பல் போகப் போகிறது. திட்டம் போடாத சோம்பேறித்தனம் அவசரமாக வேஷம் போட்டு வருவது ஒன்று. மூன்றாவதுதான் ஆபத்து. வண்டியை முன்னாலேயே கொண்டுவந்து கேட்டில் நிறுத்தி வைப்பதற்காக மட்டும் சொல்லப்படும் அவசரம். "உடனே வாங்கண்ணே" என்பார்கள். போனால் சரக்கு இன்னும் மெஷினில் இருக்கும். அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம் பேக்கிங். பில் போடுகிறவர் சாப்பிடப் போயிருப்பார். ஒரு ராத்திரி மாமா ஒன்பதரைக்குக் கேட்டுக்குள் போய் இரண்டரைக்கு வெளியே வந்தார். அதற்கு அப்புறமும் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "ஏழு மணிக்குள்ள போயிடுவீங்கல்ல?"

அந்த ஐந்து மணி நேரத்தை யாரும் பணமாகப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. நாளுக்கு 2,000 என்ற கணக்கைப் பத்து மணி நேர உழைப்பால் வகுத்தால் மணிக்கு 200. ராத்திரி, தூக்கம் கெடுவது இரண்டுக்கும் சேர்த்து 250 என்று வைத்தால்கூட, முதல் இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுத்த பிறகு 750 ரூபாய் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கூலி. தொகை பெரிதில்லை. ஹால்டிங் உண்டு என்று முன்பே சொன்னால் நடக்கும் மாற்றம்தான் பெரிது. மீட்டர் ஓடுகிறது என்று தெரிந்தால் பில் போடுகிறவர் சாப்பாட்டைத் தள்ளி வைப்பார்.

ஏற்றும் இடத்தில் மட்டுமில்லை, இறக்கும் இடத்திலும் இதே கதை. விடிகாலை ஆறுக்குப் போனால் செக்யூரிட்டி, "ஸ்டோர்ஸ்ல ஆள் ஒன்பது மணிக்குத்தான்" என்பார். அனுப்பியவருக்கு அவசரம், வாங்குபவருக்கு அது தெரியாது. இறக்கும் இடத்தில் ராத்திரி ஆள் இருக்கிறாரா, அவர் போன் நம்பர் என்ன என்று வண்டி ஏற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்குவது வாடகை பேசுவதில் ஒரு பகுதி. சென்னை நகருக்குள் இறக்குவது என்றால் பெரிய வண்டிகளுக்குப் பகல் நேரத் தடையும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாமதமாக ஏற்றினால், தடை முடியும்வரை ஊருக்கு வெளியே நிற்க வேண்டிவரலாம். அந்த இரண்டு மணி நேரத்தின் விலை 500 ரூபாய் இல்லை, ஒரு நாள்.

காகித விஷயமும் இங்கேதான் வருகிறது. "நீங்க கிளம்புங்க, ஈ-வே பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்ற வாக்கியத்தை நம்பி வண்டியை எடுக்கக் கூடாது. ஈ-வே பில் என்பது சரக்கு ரோட்டில் போக ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் சீட்டு. அதில் வண்டி எண் ஏறாதவரை அது சரக்கு நகர்த்தச் செல்லுபடியாகாது. நடுவில் வண்டி மாறினால் புது எண்ணைச் சேர்க்க வேண்டும். ரோட்டில் பிடித்தால் சரக்கு மட்டுமில்லை, வண்டியும் நிற்கும். அனுப்பியவர் வந்து வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்டி எடுக்கிறவரை உங்கள் நாளுக்கு 2,000 அங்கே ஓடிக்கொண்டிருக்கும். செல்லுபடிக் காலத்தைப் பற்றி இந்தத் தூரத்துக்குக் கவலை இல்லை. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு, 270க்கு இரண்டு நாள் கிடைக்கும்.

அவர்களுக்கு இது எவ்வளவு மதிப்பு?

இதுவரை சொன்னது டிரைவரின் தரை. இதற்குக் கீழே போகக் கூடாது. கூரை எங்கே இருக்கிறது என்பதைச் செலவுக் கணக்கு சொல்லாது, எதிராளியின் மாற்று வழி சொல்லும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியின் சரக்கு தூத்துக்குடியில் குறிப்பிட்ட நேரத்துக்குள் கன்டெய்னருக்குள் போயாக வேண்டும். தவறினால் அடுத்த கப்பல். அடுத்த கப்பலில் போனால் வெளிநாட்டு வியாபாரி கடையில் சீசன் போய்விடும், அதனால் அவர் விமானத்தில் அனுப்பச் சொல்வார், செலவு திருப்பூர்க்காரர் தலையில். ஏர் ஷிப்மென்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஏற்றுமதியாளர்கள் முகம் சுருங்குவதற்குக் காரணம், ஒரு ஆர்டரின் லாபம் முழுவதையும் அது விழுங்கிவிடும். அப்படிப்பட்டவருக்குத் தாராபுரம், மதுரை வழியாக ராத்திரியோடு ராத்திரியாகத் தூத்துக்குடி போய்ச் சேரும் ஒரு ஈச்சர் வண்டியின் வாடகையில் நாலாயிரம் ஐயாயிரம் கூடினால் அது பேச்சே இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதே ஊரில் முப்பது கிலோ பட்டன் பெட்டி ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால் கூரை மிகவும் தாழ்வு. பஸ் பார்சலில் போட்டுவிடலாம், ஒரு பையனை பைக்கில் அனுப்பலாம். அங்கே போய் இரண்டு நாள் கணக்குப் பேசினால் சிரிப்பார்கள். சரக்கு எவ்வளவு எடை, பஸ்ஸில் போகுமா, எதற்காக அவசரம் என்று கேட்காமல் விலை சொல்பவர் இருட்டில் சொல்கிறார்.

கூரை தெரிந்துவிட்டது என்பதற்காக அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாமா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்பவர்கள் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆயுத பூஜை அன்று பூமாலை போட்ட வண்டியை எடுக்க மாட்டார்கள். அப்போது வாடகை தானாக ஏறும், அதில் தப்பில்லை, வண்டிக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு. ஆனால் லைன் நிற்கும் என்று தெரிந்துகொண்டு 12,000 வாங்கும் இடத்தில் 30,000 வாங்கினால் அந்த டிஸ்பாட்ச்காரர், அதாவது கம்பெனியில் சரக்கு அனுப்புகிறவர், அன்றைக்குக் கொடுப்பார். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் நம்பர் அவர் போனில் கடைசியில் இருக்கும். அவசர லோடில் வருமானமே திரும்பத் திரும்பக் கூப்பிடும் ஐந்தாறு பேரிடமிருந்துதான் வருகிறது.

ஒரே ஒரு இடத்தில் டிரைவர் கூரையை ஒட்டிப் பேசலாம் என்பேன். ஒரகடத்தில் காலியாக நிற்கும்போது ஓசூருக்கே ஒரு அவசர லோடு கூப்பிட்டால், எப்படியும் திரும்பப் போகிற வண்டி, செலவு ஏற்கனவே முதல் வாடகையில் அடைபட்டுவிட்டது. டிரைவர்கள் கூச்சப்பட்டு 3,000 கேட்பார்கள். கூப்பிட்டவருக்கும் அது ராத்திரி லோடுதான், அவருக்கும் லைன் நிற்கும், அவரும் வேறு வண்டி பிடித்தால் 12,000 கொடுத்திருப்பார். உங்களுக்கு மலிவாக முடிகிறது என்பதால் அவருக்கு அதன் மதிப்பு குறைந்துவிடாது.

ஏன் யாரும் கேட்பதில்லை

ஆட்டோவுக்கு அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது, பஸ்ஸுக்கு நிர்ணயிக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு சரக்கு வாடகைக்கும் மேல் வரம்பு, கீழ் வரம்பு விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் சரக்கு வாடகையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. அந்தச் சந்தையில் சின்ன வண்டிகள் குவிந்து கிடக்கின்றன. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்லை. 2005இல் டாடா ஏஸ் வந்து, குட்டியானை என்று பேர் வாங்கி, தெருவுக்கு நாலு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டுவதற்கும் தடை குறைவு. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையான சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. வேலை கிடைக்காத பையன்களுக்கு நல்ல தீர்ப்புதான். கூடவே, டியூ கட்டியாக வேண்டிய பதற்றத்தில் எந்த வாடகைக்கும் தலையாட்டும் வண்டிகளும் பெருகும்.

நடுவில் புரோக்கர். கம்பெனியிடம் அவர் என்ன வாங்குகிறார் என்பது டிரைவருக்குத் தெரியாது, டிரைவருக்கு என்ன கொடுக்கிறார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. அவருடைய சம்பாத்தியமே இந்த இரண்டு அறியாமைக்கும் நடுவில்தான். எல்லா புரோக்கரையும் திட்டிவிட முடியாது, பகல் லோடுக்கும் ரிட்டர்ன் லோடுக்கும் அவர் வேண்டும். ராத்திரி லோடு மட்டும் நேராக வர வேண்டும். மாமா செய்தது எளிய வேலை. ஓட்டிப் போன ஒவ்வொரு கம்பெனியிலும் நைட் ஷிஃப்ட் டிஸ்பாட்ச்சில் இருக்கும் ஆளிடம் நம்பர் கொடுத்துவிட்டு வருவார். மேனேஜரிடம் இல்லை. பத்து மணிக்கு வண்டி தேடித் தவிக்கப் போவது மேனேஜர் இல்லையே.

குறைந்த வாடகைக்குப் போகிறவர்கள் எதை விட்டுக்கொடுத்துப் போகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தூக்கத்தை. ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டுத் தூங்காமல் திரும்பினால் இரண்டு நாள் டிரிப் ஒன்றேகால் நாளில் முடிகிறது, 1,500 ரூபாய் மிச்சம். 2025 நவம்பர் வரை இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், நெடுந்தூரத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரம் என்று வகுத்தது. ஆனால் அது ஐந்து பேராவது வேலை செய்த நிறுவனங்களுக்குத்தான். சொந்த வண்டிக்காரரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால் வாடகையில்தான் அவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மும்பை போல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும் அவசரம் என்றால் இரண்டாவது டிரைவரின் சம்பளமும் பேட்டாவும் சேராத வாடகையைக் காதில் வாங்கவே கூடாது.

பேலன்ஸ்

அவசரமாகக் கூப்பிட்டவர் பேலன்ஸ் கொடுப்பதில் அவசரப்பட மாட்டார். அதனால் வண்டி நகரும் முன்பே ஓட்டச் செலவு முழுதும், இந்தக் கணக்கில் 6,465, அட்வான்ஸாக வந்துவிட வேண்டும். மீதி இறக்கியதும், பில் காப்பியில் கையெழுத்தும் சீலும் போட்ட போட்டோ அனுப்பியதும். மாதக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி என்றால் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) ஒன்று கையில் இருப்பது நல்லது, இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஒற்றை வண்டி வைத்திருப்பவர் இதற்காக வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இப்படி நிலுவை வைத்த தொகையைக் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று ஆகிவிட்டது. பில்லில் உத்யம் எண் இருந்தால் கம்பெனியின் ஆடிட்டரே மார்ச் மாதம் அக்கவுன்ட்ஸ் ஆளைத் துரத்துவார்.

சில கம்பெனிகள் தாமதமானால் பிடித்தம் என்று நிபந்தனை போடும். மறுக்க வேண்டியதில்லை. பிடித்தம் அவசரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையைத் தாண்டக் கூடாது, நேரம் எண்ணுவது அவர்கள் கேட்டை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டும் போதும். பாதி வழியில் "வேண்டாம், திரும்பிடுங்க" என்று சொன்னால் என்ன என்பதையும் அப்போதே பேசிவிடலாம். வாணியம்பாடியில் நின்றுகொண்டு பேச முடியாது.

மாமா கடைசியில் தொகையை முதலில் சொல்வதையே விட்டுவிட்டார். போன் வந்தால் அவர் பக்கத்திலிருந்து முதலில் ஒரு கேள்விதான் போகும்.

"லோடு ரெடியா இருக்கா தம்பி, இல்ல ரெடி ஆகப்போகுதா?"

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. "ஒரு அரை மணி நேரத்துல ஆயிடும்ணே."

"சரி. பதினோரு மணிக்கு கேட்டுக்கு வர்றேன். பன்னெண்டாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு இப்ப போட்டுடுங்க. ஒரு மணி தாண்டுனா மணிக்கு இருநூத்தம்பது. இதையே வாட்ஸ்அப்ல அனுப்பறேன், ஓகேன்னு ஒரு மெசேஜ் போடுங்க, செருப்பு மாட்டிட்டு கிளம்பறேன்."